இவர் சொல்லும் வியாதிகள்

ஜூன் 4, ஞாயிறு

மருமகள் சுபிதா இந்த டைரியைக் கொடுத்தாள். அவள் வேலை பார்க்கும் வங்கியில் புது வருடத்துக்குக் கொடுத்ததாம், இதுவரை ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை. "மனசுல தோணுறத எல்லாம் எழுதுங்க அத்தை" என்றாள். தோன்றுவதையெல்லாம் எழுதினால் முதல் பக்கத்திலேயே அவள் வைக்கும் சாம்பார் வந்துவிடும். பார்த்துத்தான் எழுத வேண்டும்.

நான் உலகம்மாள். அம்பாசமுத்திரத்துக்காரி. இப்போது மெல்பர்னுக்கு வெளியே, புதிதாகக் கட்டிய வீடுகள் வரிசையாக நிற்கிற ஒரு தெருவில், மகன் கைலாஷ் வீட்டில் இருக்கிறேன். வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. காலையில் மகனும் மருமகளும் ஆளுக்கொரு காரில் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புவார்கள். எதிர்வீட்டுக் கதவு தானாகத் திறக்கும், கார் உள்ளே போகும், கதவு தானாக மூடும். அந்தக் காரின் நிறம் தெரியும், ஓட்டுகிறவர் ஆணா பெண்ணா என்று தெரியாது.

பகல் முழுக்க வீட்டில் நானும் இவரும்தான். இவர் என்றால் என் வீட்டுக்காரர், சிவசைலம். அம்பை பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளராக இருந்தவர். எந்த வண்டி எங்கே நிற்கிறது, எப்போது கிளம்பும் என்று மைக்கில் அறிவிப்பதே வேலை. வீட்டிலும் அதே குரல்தான். ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும். "மெதுவாப் பேசுங்களேன்" என்று சொல்லியே என் ஆயுசில் பாதி போனது.

அப்படிப்பட்ட மனிதர் இப்போது வாயைத் திறப்பதில்லை. கேட்டால் "ம்" என்கிறார். இதைத்தான் யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று இருந்தேன். இவரிடம் இவரைப் பற்றி எப்படிச் சொல்வது?

ஜூன் 7, புதன்

குளிர். இங்கே ஜூனில்தான் குளிர்காலம், துணி காயவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினேன். பாதியில் சுவரில் கைலாஷின் கல்யாணப் போட்டோ மாட்டியிருக்கிறது. நின்று பார்த்தேன். இப்போதெல்லாம் ஏறும்போதெல்லாம் நின்று பார்க்கிறேன். நல்ல போட்டோ.

கீழே இவர் நின்றுகொண்டிருந்தார்.

"என்னட்டி பாக்க?"

"போட்டோ பாக்கேன்."

"இவ்வளவு நேரமா?"

"எம்மவன் போட்டோ, நான் பாக்கேன். ஒங்களுக்கு என்ன?"

"டாக்டர்ட்ட ஒரு நடை போயிட்டு வருவமா?"

"யாருக்கு?"

"ஒனக்குத்தான்."

"எனக்கு என்ன கேடு? கல்லு மாதிரி இருக்கேன். பேசாம இருங்க" என்றேன். இவரும் அதன்பிறகு பேசவே இல்லை. கூடையை வாங்கி மேலே கொண்டுபோனார். துணியை மடித்த லட்சணத்தைப் பார்த்து எல்லாவற்றையும் பிரித்து நான் மறுபடி மடித்தேன்.

ஜூன் 11, ஞாயிறு

மோதிரம் கழலவில்லை. சோப்புப் போட்டும் வரவில்லை. சாக்ஸைக் கழற்றினால் அதன் வாய் அழுத்திய இடத்தில் பள்ளமாகத் தடம் விழுந்திருக்கிறது. உடம்பு பெருத்துவிட்டது, எல்லாம் சுபிதா வாங்கிவரும் வெண்ணெயால் வருவது. இத்தனைக்கும் மத்தியானம் நான் சாப்பிடுவது சோறும் ஊறுகாயும் இரண்டு அப்பளமும்தான். இரண்டு பேருக்காக யார் குழம்பு கூட்டிக்கொண்டிருப்பது?

ஜூன் 13, செவ்வாய்

காலையில் இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று, "எனக்கு மூச்சு வாங்குதுடே" என்றார். கைலாஷ் பதறிப்போய் அலுவலகத்துக்கு லீவு சொல்லி, பக்கத்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போனான். நானும் கூடவே ஏறிக்கொண்டேன். மகன் காரை நிறுத்த இடம் தேடிப் போனான், நாங்கள் இருவரும் உள்ளே போனோம்.

டாக்டர் மரியம், எகிப்துக்காரப் பெண். அவருக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்கு இங்கிலீஷ் வராது. மேசையில் போன் வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு தமிழ்க்காரி எங்கோ இருந்துகொண்டு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக மாற்றிச் சொல்கிறாள். பெயர் சொல்லக் கூடாதாம். இலங்கைத் தமிழ். கேட்கவே சுகமாக இருந்தது.

"ஐயா, டொக்டர் கேக்கிறா, எப்ப இருந்து மூச்சு வாங்குது?"

இவர் தொண்டையைச் செருமினார். "அது வந்தும்மா, படி ஏறும்போது…"

"படியா? இவரா?" என்றேன். "ஓடி ஏறுவாரும்மா. இவருக்கு வேற பிரச்சினை. பேச மாட்டேங்காரு. அதக் கேளுங்க."

"அம்மா, டொக்டர் ஐயாவிட்டத்தான் கேக்கிறா."

"அவருக்குச் சொல்லத் தெரியாதும்மா. நான் சொல்லுதேன்."

சொன்னேன். எல்லாவற்றையும் நானே சொன்னேன். இவர் நெஞ்சில் வயர்களை ஒட்டிப் படம் எடுத்தார்கள். இருபது வயதுப் பையனுடைய இதயம் மாதிரி இருக்கிறதாம். வெளியே வந்து பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டேன். இவர் முகத்தில் மட்டும் சந்தோஷத்தைக் காணோம். பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி நின்றார்.

ஜூன் 17, சனி

கைலாஷ் தனியாக அழைத்து, "அம்மா, அப்பாவுக்கு மறதி ஏதாவது இருக்கா? பேரு மறக்குறது, அடுப்ப அணைக்காம விடுறது?" என்று கேட்டான். இல்லை என்றேன். ஆனால் இன்று முழுக்க இவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிரும்போதெல்லாம் இவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 20, செவ்வாய்

இருமல். குளிருக்குத்தான்.

ஜூன் 27, செவ்வாய்

மறுபடியும் டாக்டர். கைலாஷ் வெளியே உட்கார்ந்துகொண்டான். இந்தத் தடவை இவருக்குக் காலில் வீக்கமாம்! பேன்ட்டை முழங்கால்வரை தூக்கிக் காட்டினார். முருங்கைக்காய் இரண்டு. டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு வீக்கமே இல்லை என்றார்.

"இதுக்கு என்ன மாத்திரைம்மா?" என்று இவர் போனைப் பார்த்துக் கேட்டார்.

"ஐயா, வீக்கம் இல்லை எண்டு டொக்டர் சொல்றா. மாத்திரை தேவையில்லை."

"சரி, வீக்கம் இருக்குன்னு வச்சிக்கிடுங்க. காலு ரெண்டும் ஊதிக் கெடக்கு, மோதிரம் கழல மாட்டேங்கு. அப்படின்னா என்ன மாத்திரை குடுப்பாங்க? அத எழுதித் தரச் சொல்லுங்க."

எனக்கு அவமானமாகப் போனது. "இவரு சும்மா சொல்லுதாரும்மா, விட்டுருங்க" என்று கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டு வந்தேன். கதவருகில் நின்று, "டாக்டரம்மா, அது என்னன்னா…" என்றார். "வாங்க, போதும்" என்றேன்.

ஜூலை 1, சனி

இரண்டு நாள் யோசித்ததில் எனக்கு விளங்கிவிட்டது. இவருக்கு நோயும் இல்லை, நொடியும் இல்லை. போனில் வருகிற அந்தப் பெண்ணுடைய தமிழைக் கேட்கத்தான் இப்படி ஒவ்வொரு வியாதியாகச் சொல்லிக்கொண்டு போகிறார். இந்த ஊரில் என்னையும் பிள்ளைகளையும் விட்டால் இவரை "ஐயா" என்று கூப்பிட்டுப் பேச வேறு யார் இருக்கிறார்கள்?

முதலில் கோபம் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம் கழித்து அழுகையும் வந்தது, அது எதற்கென்று தெரியவில்லை. பேருந்து நிலையத்தில் ஊரே கேட்கப் பேசிய மனிதர், ஒரு குரலைக் கேட்க நோயாளி வேஷம் போடுகிறார்.

"யாரு அவ, அவ்வளவு இனிக்குதா?" என்று சீண்டினேன்.

"எவ?" என்றார். ஒன்றும் தெரியாத பிள்ளை!

ஜூலை 6, வியாழன்

இப்போது மூட்டுவலியாம். மாடி ஏற முடியாதாம். மகனிடம் சொல்லி எங்கள் கட்டிலைக் கீழே இறக்கவைத்துவிட்டார். மூட்டுவலிக்காரர் சாயங்காலம் குப்பைத்தொட்டியை ஓட்டமாக இழுத்துக்கொண்டு தெருமுனைவரை போனார். ஜன்னலில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எப்படியோ, படி ஏறுகிற வேலை எனக்கு மிச்சம். சத்தியமாகச் சொன்னால் கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருக்கிறது.

சுபிதாவின் அறையிலிருந்து இன்னொரு தலையணை எடுத்து வந்தேன். உயரமாக வைத்தால்தான் தூக்கம் வருகிறது.

ஜூலை 12, புதன்

ஒன்றும் செய்யவில்லை. உட்கார்ந்தே இருந்தேன். எழுதக்கூடச் சோம்பல்.

ஜூலை 18, செவ்வாய்

இன்று நடந்ததை நிதானமாக எழுத வேண்டும். எழுதுவது வீட்டில் இல்லை, ஆஸ்பத்திரிக் கட்டிலில்.

காலையில் இவர் மகனிடம், "படுத்தா மூச்சு முட்டுதுடே. மூணு தலையணை வச்சாத்தான் தூக்கம் வருது" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பிள்ளை எத்தனை தடவைதான் லீவு போடுவான்? இன்றைக்கு அந்த டாக்டர் முன்னாலேயே இவர் குட்டை உடைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன்.

கைலாஷ் இன்றும் வெளியேதான். அதே அறை, அதே போன், அதே குரல். இவர் தலையணைக் கதையைத் தொடங்கினார். நான் குறுக்கே பாய்ந்தேன்.

"பொய்ம்மா! மூணு தலையணை வச்சுப் படுக்கது நானு. இவரு ஒரு துண்டச் சுருட்டி வச்சிக்கிட்டு விடியுற வரைக்கும் கெடப்பாரு. படியில நின்னு மூச்சு வாங்குததும் இவரு இல்ல, நானு. மோதிரம் கழலாததும் எனக்கு. எனக்கு இருக்கதையெல்லாம் தனக்கு இருக்குன்னு சொல்லுதாரு. ஏன்னு கேளுங்க."

போனில் அந்தப் பெண் மெதுவாக, ஒன்றுவிடாமல், டாக்டரிடம் இங்கிலீஷில் சொன்னாள். டாக்டர் மரியம் பேனாவைக் கீழே வைத்தார். முதல் தடவையாக இவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"அம்மா, கொஞ்சம் பொறுங்கோ. டொக்டர் சொல்றா, ஐயா கதைக்கட்டும்."

இவர் கதைக்கவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்தார். எனக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். என் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துச் சாக்ஸை உருவினார். கல்யாணமான நாளிலிருந்து இவர் என் காலைத் தொட்டதில்லை. வேற்றுப் பெண்பிள்ளை முன்னால் தொடுகிறார்! "ஐயோ, விடுங்க, விடுங்க" என்று சேலையை இழுத்து மூடினேன். விடவில்லை. கணுக்காலுக்கு மேலே பெருவிரலால் அழுத்திவிட்டு எடுத்தார். அழுத்திய இடம் குழியாகவே கிடந்தது, மாவில் விரலை வைத்த மாதிரி.

"பாருங்கம்மா," என்றார் போனைப் பார்த்து. பேருந்து நிலையக் குரல் இல்லை, உடைந்த குரல். "எனக்கு ஒண்ணுமே இல்ல. இவளத்தான் காட்டணும். கூப்பிட்டா வர மாட்டேங்கா. எனக்குன்னு சொன்னாத்தான் கூட வாரா. ஊர்ல மெடிக்கல் கடையில போயி, வீட்ல இன்ன மாதிரி இருக்குன்னு சொன்னா மாத்திரை குடுத்துருவான். அப்படி வாங்கிரலாம்னுதான் வந்தேன். ஒரு நாளாவது என்னப் பேச விட்டாளா?"

அந்தப் பெண் இதையும் இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்தாள்.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. என் நெஞ்சில் வயர்கள், ஆம்புலன்ஸ், இந்த வார்டு. இதயம் தளர்ந்துபோயிருக்கிறதாம், உடம்பில் நீர் தேங்கி நுரையீரல்வரை வந்துவிட்டதாம். இன்னும் சில நாள் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் கைலாஷிடம் சொன்னார். அவன் அதை என்னிடம் தமிழில் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

ஜூலை 20, வியாழன்

நீரை வடிக்க ஊசி போடுகிறார்கள். நாள் முழுக்கக் கழிவறைக்கு நடக்கிறதே வேலை. மோதிரம் தானாகக் கழன்று படுக்கையில் விழுந்தது.

இவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். கேட்டேன்.

"பையன்ட்ட சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா ஒன்னக் கொண்டாந்து இப்படிப் போட்டுருவான்னு தெரியும். நீ இங்க கெடந்தா, அந்த வீட்ல நான் யார்ட்ட பேச? அந்தப் பயத்துல இருந்துட்டேன். தப்புத்தான்."

"ரெண்டு மாசமா வாயவே தொறக்கலையே, இதுல பேச ஆளு வேற வேணுமாக்கும்!"

இவர் போர்வையைச் சரி செய்தார். "நீ மூச்சு விடுதத கேட்டுக்கிட்டு இருந்தேன். நான் பேசுனா அது கேக்காதுல்லா."

நான் திரும்பிப் படுத்துக்கொண்டேன். இப்படியொரு மனிதரை, போனில் வருகிற குரலுக்கு மயங்கியவர் என்று இதே டைரியில் எழுதி வைத்திருக்கிறேனே. அந்தப் பக்கத்தைக் கிழிக்கலாம் என்று பார்த்தேன். வேண்டாம், என் லட்சணத்துக்கு அதுவும் இருக்கட்டும்.

ஊரில் என்றால் எதிர்வீட்டு மாடத்தி ஒருத்தியே போதும். வாசல் தெளிக்க வரும்போதே, "யக்கா, காலு என்ன இப்படி ஊதிக் கெடக்கு?" என்று தெருவைக் கூட்டியிருப்பாள். மாடத்தி வாயை எத்தனை தடவை திட்டியிருக்கிறேன். இங்கே என் காலை யார் பார்த்தார்கள்? நானே சாக்ஸ் போட்டு மூடி வைத்திருந்தேன்.

ஜூலை 23, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டோம். எனக்கு இனி உப்பு ஆகாது என்று, சுபிதா சமையலறையில் ஊறுகாய் பாட்டில், அப்பளப் பாக்கெட் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு அழுதுகொண்டே கட்டினாள். "தினமும் உங்க முகத்தப் பாத்துக்கிட்டுதானே இருந்தேன் அத்தை, எப்படித் தெரியாமப் போச்சு" என்றாள். இருட்டில் போய் இருட்டில் வருகிற பிள்ளைக்கு என்ன தெரியும்? தலையைத் தடவிக் கொடுத்தேன். உப்பில்லாமல் சாம்பார் வைத்திருந்தாள். முன்னைக்கு இது தேவலை, ஆனால் அவளிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

இந்த முறை டாக்டரிடம் போனது என் பெயரில். நாற்காலியில் உட்கார்ந்ததும் பழக்கத்தில் இவரைப் பார்த்து, "சொல்லுங்க" என்றேன். "ஒங்கதைய நீயே சொல்லு" என்றுவிட்டார். எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. ஊருக்கெல்லாம் பதில் சொன்ன வாய்!

மாத்திரை, உப்பு, தண்ணீர் எல்லாம் கேட்டு முடித்த பிறகு டாக்டர் வேறு ஒன்று கேட்டார்.

"அம்மா, டொக்டர் கேக்கிறா, பகலில ஆரோட கதைப்பியள்? சனங்களோட பழகாமத் தனிச்சு இருக்கிறதும் இதயத்துக்குக் கூடாது எண்டு சொல்றா."

"தனியா இல்லையேம்மா. இவரு இருக்காருல்லா."

"இவரையும் பிள்ளையளையும் தவிர, கடைசியா ஆரோட கதைச்சனீங்கள்?"

யோசித்தேன். கடைக்காரன் பில்லை நீட்டுவது பேச்சாகாது. எதிர்வீட்டுக் கார் பேச்சாகாது. கடைசியில்தான் தெரிந்தது.

"ஒங்ககிட்டதாம்மா" என்றேன் போனைப் பார்த்து.

டாக்டர் என்னவென்று தெரியாமல் போனையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு அந்தப் பெண், "நான் இதையும் டொக்டருக்குச் சொல்லோணும் அம்மா" என்று சொல்லிவிட்டு, இங்கிலீஷில் இரண்டே வார்த்தையில் சொன்னாள். சொல்லி முடித்து மூக்கை உறிஞ்சியது எனக்குக் கேட்டது.

டாக்டர் மரியம் ஒரு தாளில் எழுதிக் கைலாஷிடம் கொடுத்தார். வியாழக்கிழமைதோறும் ஒரு மண்டபத்தில் வயதானவர்கள் கூடுகிறார்களாம், வீட்டுக்கே வேன் வருமாம். மாத்திரைகளோடு அதையும் மருந்து என்றே எழுதியிருந்தார்.

ஆகஸ்ட் 3, வியாழன்

வேன் வந்தது. போனோம். பாதிப் பேர் நம் ஊர், இலங்கை. மீதி கிரேக்கர்கள், வியட்நாம்காரர்கள். என் பக்கத்தில் உட்கார்ந்த பாக்கியலெட்சுமி வாய் ஓயாமல் பேசுகிறாள். தலை வலித்தது. அடுத்த வாரமும் அவள் பக்கத்தில்தான் உட்கார வேண்டும். கிளம்பும்போது வேன் ஓட்டுகிறவரிடம் மைக் இருப்பதை இவர் பார்த்துவிட்டார். நான் இவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறினேன்.

ஆகஸ்ட் 12, சனி

தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும். திடீரென்று எடை கூடினால் மறுபடி நீர் கோக்கிறது என்று அர்த்தமாம். எடை மெஷினைக் கூடத்தின் நடுவில் வைத்திருக்கிறார் இவர். நான் ஏறி நின்றதும் குனிந்து பார்த்துவிட்டு, இடுப்பில் கை வைத்து நிமிர்ந்து, பழைய குரலை எடுத்தார்.

"பயணிகளின் கவனத்திற்கு! அம்பாசமுத்திரம் உலகம்மாள், அறுபத்திரண்டு புள்ளி நாலு! நேத்து இருந்த அதே எடை!"

மாடியில் தூங்கிக்கொண்டிருந்த சுபிதா சிரிப்பது கீழேவரை கேட்டது. "ஊரு உலகத்துக்கெல்லாம் என் எடையச் சொல்லணுமாக்கும்?" என்றேன். "மெதுவாப் பேசுங்க" என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இது இவருக்கு இப்போது தினப்படி வேலை. சாக்ஸை உருவி, கணுக்காலுக்கு மேலே பெருவிரலை வைத்து அழுத்தி, எடுத்துப் பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன். குழி விழவில்லை.

பார்த்து முடித்த பிறகும் என் காலைக் கீழே விடவில்லை. நானும் விடச் சொல்லவில்லை.